அஷ்டமியில் வாங்க

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எங்களுக்குத் தண்ணீர் என்றால் ஏரிதான். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிக் கலங்கல் வழியும். சித்திரையில் தரை வெடிக்கும். வருஷத்துக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றல். அந்தக் கணக்கோடுதான் முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கயாக்கை இறக்கினோம்.

அமாவாசைக்கு மறுநாள் அது. "குஜராத்தில் பாவ்நகர் பக்கம் கடல் 10 மீட்டர் ஏறி இறங்குது. நம்ம சென்னைக் கரையில் அமாவாசைக்குக்கூட சுமார் 1 மீட்டர்தான். இதுக்கு நீர் அடங்குறவரை எதுக்குக் காத்திருக்கணும்?" என்றான் நண்பன். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

முகத்துவாரத்துக்குச் சற்று உள்ளே, இடுப்பளவு நீரில் ஓர் இருளர் பெண் வெறுங்கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார். ஓலைப் பறியைப் பல்லில் கடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அதைக் கையில் எடுத்தார்.

"வத்தத்துல அங்க போவாதீங்க தம்பி. உள்ள இருக்கிற தண்ணி மொத்தமும் அந்தச் சந்துலதான் வெளிய போவும். எதுக்க வர்ற அலை எழும்பி நிக்கும்."

உண்மைதான். அகன்ற கழிமுகத்தில் 1 மீட்டர் இறங்கினாலே எவ்வளவு தண்ணீர்! கோடையில் மணல் மூடி, வடகிழக்குப் பருவமழையில் உடைத்துக்கொள்ளும் அந்தக் குறுகிய வாய் வழியே அத்தனையும் கடலுக்குப் பாய, எதிரே வந்த அலைகள் செங்குத்தாக எழுந்து உடைந்துகொண்டிருந்தன.

"எப்ப நிக்கும்க்கா?"

"காலடி மணல் அரிக்கிறது நின்னா, தண்ணி நின்னுச்சு."

படகை ஓரங்கட்டிவிட்டு நாங்களும் நீரில் இறங்கி நின்றோம். பாதத்தின் கீழ் மணல் கரைந்துகொண்டே இருந்தது. நெடுநேரம் கழித்துத்தான் அடங்கியது. அதற்குள் நண்பன் தன் வாதத்தை விட்டிருந்தான்.

நீர் அடங்கியதும் கடலுக்குள் போனது சுலபம். கரையேறுவதுதான் பயம் தந்தது. அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. பெரியவை போகும்வரை பொறுத்து, கடைசி அலையின் முதுகுக்குப் பின்னால் துடுப்புப் போட வேண்டும். படகுக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் இறங்கக் கூடாது. அடுத்த அலை, நீர் நிரம்பிய படகை முழங்காலில் கொண்டுவந்து மோதும். கடல் பக்கமாகவே இறங்கி இழுத்தோம்.

மணல்திட்டைத் தாண்டிப் படகைத் தூக்கி வந்தபோது அந்த அக்கா இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "அஷ்டமி, நவமியில வாங்க தம்பி. அமாவாசை அளவுக்குத் தண்ணி இழுக்காது."

எங்கள் வீடுகளில் அந்த நாட்களில் எதையும் தொடங்க விடமாட்டார்கள். நண்பன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த அஷ்டமி ஞாயிற்றுக்கிழமையில் வருகிறதா என்று போனில் தேட ஆரம்பித்தான்.