முகப்பும் மெய்யும்

என்னிடம் தமிழ் பயின்ற மாணவனொருவன், நண்பர் இருவருடன் சேர்ந்து தான் ஆக்கிவரும் திகில் விளையாட்டுக்கு வரைந்த முகப்போவியத்தைச் சென்ற மாதம் கொண்டுவந்தான். மண்டையோடு, குருதி, அரைகுறை ஆடையுடன் ஒரு பெண்ணின் பிணம்.

"விளையாட்டில் இப்பெண் எங்கே வருகிறாள்?" என்றேன்.

"வரமாட்டாள், சேர். ஆனால், பார்ப்பவர்கள் நிற்பார்கள்" என்றான்.

நிற்கத்தான் வேண்டும். விளம்பரத்துக்குப் பணமில்லாத சிறு ஆக்குநர்க்கு, 'ஸ்டீம்' இணையக் கடையில் முகப்பே முதற்குரல். விருதுச் சின்னங்களையும் விமரிசனப் புள்ளிகளையும் முகப்பிற் பொறிப்பதை அக்கடை 2022 செப்டெம்பரில் தடைசெய்தது. ஓவியமும் பெயருமே பேசவேண்டும்.

அவனது ஓவியத்தைக் கட்டைவிரலளவுக்குச் சுருக்கிக் காட்டினேன். மண்டையோடும் பிணமும் ஒரே செங்கறையாயின. பெயரை வாசிக்க முடியவில்லை. போலந்துப் பல்மருத்துவரான பாவெல் கொஷ்மின்ஸ்கி, மைக்ரோசொப்ற் பெயின்ற் என்னும் எளிய கருவியால் வரைந்து, 2023இல் முழுமையாக வெளியிட்ட 'வேர்ல்ட் ஒவ் ஹொரர்' விளையாட்டைப் பார்க்கச் சொன்னேன். மிகச் சில நிறங்கள், அழுத்தமான கோடுகள். அச்சத்துக்கு அவை போதும்.

இருவாரங் கழித்து வந்தான். அவன் கதையின் நாயகன் ஓர் இரவுக் காவலாளி. புதிய முகப்பில் இருண்ட படிக்கட்டு. கீழே ஒரு கைவிளக்கு. அதன் ஒளி எட்டாத இடத்தில் பாதி திறந்த கதவு. மேலே பருத்த எழுத்திற் பெயர். சுருக்கிப் பார்த்தோம். விளக்கும் கதவும் பெயரும் தெளிவாக நின்றன.

பிணம் எங்குமில்லை. ஆயினும், அக்கதவுக்கப்பால் என்னவென்று என் மனம் அஞ்சியது. வாங்குபவனும் உழைத்துண்பவனே. உள்ளே இருப்பதையே வாசலிற் சொல்வது அவனுக்கு நாம் செய்யும் மரியாதை.