எந்தப் பக்கம் சுற்றுவது?

திருவான்மியூரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், கோவளத்தில் வலப்பக்கம் திரும்பி, கேளம்பாக்கத்தில் பழைய மகாபலிபுரம் சாலையை (ஓ.எம்.ஆர்.) பிடித்து, சோழிங்கநல்லூர் வரை வந்து, குறுக்கே அக்கரைக்கு வெட்டி வீட்டுக்கு வந்தால் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தென்சென்னையில் ரோடு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது மனப்பாடமான சுற்று. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "சரி, எந்தப் பக்கம் சுத்தணும்?" என்று மாஸ்டர் ஒருநாள் கேட்டார். சாலை ஒன்றுதானே, எந்தப் பக்கம் சுற்றினால் என்ன என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப உனக்கு ரூட் போட இன்னும் நாளாகும்ப்பா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

மாஸ்டர் அடையாறில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். மணிக்கணக்கில் சைக்கிள் எடுப்பது நின்றுபோனதும் கடையை மூடிவிட்டார். இப்போது ஞாயிறுதோறும் எங்களில் சிலரை ஓட்ட அழைத்துப் போகிறார். அவருடையது பழைய இரும்பு ஃபிரேம். என்னுடையது கார்பன். எங்கள் இருவர் சைக்கிளின் விலை வித்தியாசத்தை அவர் ஒருமுறைகூடப் பேசியதில்லை. என் டயரை மட்டும் முதல் நாளே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கே" என்றார்.

காற்று எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகம் என்று நம்பி 110 பி.எஸ்.ஐ. அடைத்திருந்தேன். அவர் வால்வை அழுத்தி இறக்கிக்கொண்டே வந்து 80-இல் நிறுத்தினார். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து டயர்மேல் வைத்தார். மேல்தோல் லேசாக உள்ளே போய், அதற்கப்புறம் எதிர்க்கிறது. "இந்த இடத்தை விரலு ஞாபகம் வச்சுக்கணும், பம்ப்புல இருக்கிற முள்ளு இல்ல." அன்றைய ஓட்டத்தில், சாலையில் பதித்திருக்கும் ஒளிவில்லைகள்மேல் சக்கரம் ஏறியபோது மணிக்கட்டுக்கு வழக்கமாக வரும் அடி வரவில்லை. கடினமான டயர் ஒவ்வொரு சின்ன மேட்டிலும் எகிறுகிறது. எகிறுகிற நேரமெல்லாம் வேகம் வீண். இது எனக்குப் புரிந்தது பின்னால்தான். முதலில் விரலுக்குத் தெரிந்தது.

அடுத்த பாடம் முட்டுக்காடு பாலத்தில். உத்தண்டி சுங்கச்சாவடி வரை இரண்டு பக்கமும் வீடுகளும் மதில்களும் காற்றைத் தடுத்துக்கொண்டே வரும். பாலத்தில் ஏறியதும் இடப்பக்கம் கழிமுகம் திறந்துகொள்கிறது. மதிலும் இல்லை, மரமும் இல்லை. பக்கவாட்டுக் காற்று முன்சக்கரத்தைத் தள்ளியதும் நான் பயந்து ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்தேன். இறுக்கிய கை, காற்றின் ஒவ்வொரு தள்ளலையும் சக்கரத்துக்குப் பெரிதாக்கித் தருகிறது. பக்கத்தில் வந்தவரை இடிக்க இருந்தேன். மாஸ்டர் பின்னாலிருந்து கத்தினார்: "கோழிக்குஞ்சப் புடிக்கிற மாதிரி புடி!" நசுங்கவும் கூடாது, ஓடிவிடவும் கூடாது. கேட்க எளிது. பயப்படுகிற கையைத் தளர்த்துவது எளிதல்ல. பல வாரங்கள் அந்தப் பாலம் வருவதற்கு முன்பே என் தோள்கள் காதை நோக்கி ஏறத் தொடங்கிவிடும். "முழங்கைய மடக்கு" என்பார். மடக்கினால் தோள் தானாக இறங்கியது.

வரிசையில் ஓட்டுவதும் அப்படித்தான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஓட்டினால் காற்றை அவர் வாங்கிக்கொள்வார். நமக்குக் கால் பளு குறையும். ஆனால் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் வேகத்தடை தெரியாது. அவர் இடுப்பைப் பார்க்கக் கற்றேன். இடுப்பு எழுந்தால் மேடு, பெடல் நின்றால் பிரேக் வரப்போகிறது. குழி என்றால் கையைக் கீழே காட்டவேண்டும். சரியாகக் காட்டாதவனை மாஸ்டர் அன்றைக்கு முன்னால் விடமாட்டார்.

இவ்வளவும் கொஞ்சம் கைவந்த பிறகுதான் ரூட் போடச் சொன்னார்.

என் முதல் ரூட்டைப் பெருமையோடு போட்டேன். பெரிய சாலையின் நெரிசல் எதற்கு? கொட்டிவாக்கத்திலிருந்து நீலாங்கரை தாண்டும் வரை கடலோரத் தெருக்கள் வழியாகவே போகலாம் என்று கைபேசி வரைபடத்தில் கோடு இழுத்தேன். கோடு அழகாக இருந்தது. தெருக்கள் அப்படி இல்லை. முனைக்கு முனை வேகத்தடை. ஒரு நாய் குரைத்தால் அடுத்த தெரு நாய் தயாராக நிற்கிறது. ஒரு தெரு வரைபடத்தில் நீண்டுபோனது, நிஜத்தில் மணலில் முடிந்தது. மெல்லிய டயர் மணலில் வெண்ணெயில் கத்தி போல இறங்கும் என்று எழுதத் தோன்றுகிறது. உண்மையில் இறங்கவில்லை, நின்றுவிட்டது, நான் கவிழ்ந்தேன். எல்லோரும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "வண்டி ரிப்பேரா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். மாஸ்டர் எதுவும் சொல்லவில்லை. பெரிய சாலைக்கு வந்ததும் செயினில் ஒட்டிய மணலைத் துணியால் துடைக்கச் சொன்னார், என்னுடையதை மட்டுமல்ல, எல்லோருடையதையும். ஈர மணலும் உப்பும் விரலிடுக்கில் நறநறத்தன. இந்தக் கடற்கரையில் இரண்டு நாள் துடைக்காமல் விட்டாலே செயின் கண்ணிகளில் செந்நிறம் ஏறிவிடும்.

இரண்டாவது தோல்வி டிசம்பரில். அது இன்னும் மோசம், ஏனென்றால் பாதி வழிவரை அது வெற்றியாகத் தெரிந்தது. சுற்றே வேண்டாம், நேராக மாமல்லபுரம் போய்த் திரும்பலாம் என்றேன். போக 45 கிலோமீட்டர் வரும். நான்தான் முன்னால். கோவளம், திருவிடந்தை என்று ஊர்கள் பறந்தன. 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணையின் வாசலைத் தாண்டும்போது மீட்டரில் 35 கிலோமீட்டர் வேகம். மூச்சு வாங்கவே இல்லை. பயிற்சி பலித்துவிட்டது என்று எனக்குள் ஒரு குஷி. பின்னாலிருந்து மாஸ்டர், "அந்தக் கொடியைப் பாத்தியா?" என்று கேட்டார். ஏதோ கட்சிக் கொடி. பார்த்தேன் என்றேன். கொடியைத்தான் பார்த்தேன், அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கவில்லை.

திரும்பும்போது வாடைக்காற்று முகத்தில் நின்றது. பட்டிப்புலத்திலிருந்து வடநெம்மேலி வரை பெரும்பாலும் திறந்தவெளி; ஒதுங்க ஒரு கட்டடம் இல்லை. வேகம் 18-க்கு இறங்கியது, பிறகு 15. கியரைக் குறைத்துக் குறைத்து, குறைக்க இனி கியர் இல்லை. உடன் வந்த ஒரு தங்கைக்குத் தொடை பிடித்துக்கொண்டது. கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கக் கட்டிய நெம்மேலி ஆலைக்கு எதிரே, எங்கள் பாட்டில்கள் எல்லாம் காலியாக, சாலையோரம் உட்கார்ந்தோம். மாஸ்டர் அந்தப் பெண்ணின் காலை நீட்டிவிட்டுக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "காத்து குடுத்த வேகத்த உன் காலு குடுத்ததுன்னு நினைச்சிட்டப்பா." பிறகு அவரே முன்னால் போனார். ஏறத்தாழ என் அப்பா வயது மனிதரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அதன் பிறகு கொடிகளைப் படிக்கத் தொடங்கினேன். நம் ஊரில் கொடிக்கம்பத்துக்கா பஞ்சம்? எந்தக் கட்சியானாலும் காற்றின் விஷயத்தில் கொடி பொய் சொல்வதில்லை. கோடையில் விடியற்காலை நிலத்திலிருந்து லேசாக வீசும், வெயில் ஏற ஏறத் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று கிளம்பும். ஆடியில் காலை நேரத்தில் மேல்காற்று. மார்கழியில் வாடை. இதெல்லாம் படகு இறக்குகிறவர்களுக்குப் பாலபாடம்.

மாஸ்டரின் பழைய கேள்விக்கு விடை ஒரு சனிக்கிழமை ராத்திரி, வரைபடத்தின்மேல் விரலை வைத்துச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. கடற்கரைச் சாலையில் போய் ஓ.எம்.ஆரில் திரும்பினால், கோவளம், கேளம்பாக்கம், சோழிங்கநல்லூர் மூன்றிலும் வலப்பக்கம் திரும்பவேண்டும். இடப்பக்கம் ஓட்டுகிற நாட்டில் வலது திருப்பம் என்றால் எதிரே வருகிற வண்டிகளைக் குறுக்கே வெட்டுவது. அதையே மாற்றிச் சுற்றினால் அந்த மூன்றுமே இடது திருப்பங்கள். அக்கரையில் மட்டும் ஒரு வலது, அதுவும் இருட்டு விலகாத நேரத்தில், சாலை காலியாக இருக்கும்போது. ஓ.எம்.ஆரின் மெட்ரோ பணித் தடுப்புகளையும் நெரிசல் எழுமுன் தாண்டிவிடலாம். கடற்கரைச் சாலையில் திரும்பும்போது உல்லாசப் பயணக் கார்கள் எல்லாம் தெற்கே போய்க்கொண்டிருக்கும்; நாம் எதிர்ப்பக்கம். கோடையென்றால், கடல்காற்று எழுந்துவிட்டால் அது முதுகில் கை வைக்கும். மார்கழியில் மட்டும் பழையபடி, கடற்கரை வழியாகப் போய், கட்டடங்கள் வாடையை வாங்கிக்கொள்ளும் ஓ.எம்.ஆர். வழியாகத் திரும்பவேண்டும்.

மே மாதம் அந்த ரூட்டைக் கொடுத்தேன். மாஸ்டர் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். "கேளம்பாக்கத்துலேருந்து கோவளம் எத்தனை மணிக்கு?" ஆறேகால் என்றேன். "கிழக்கால போற ரோடு. சூரியன் எங்க இருக்கும்?" மே கடைசியில் 5.45-க்கு முன்பே உதித்துவிடுகிறது. ஆறேகாலுக்குக் கண்ணுக்கு நேரே நிற்கும். எங்களுக்குக் கூசுவது போகட்டும், பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நாங்கள் தெரியமாட்டோம். சூரியன் எழுமுன்பே கோவளம் சேரும்படி கிளம்பும் நேரத்தை முன்னால் இழுத்துத் திருத்தினேன்.

அந்த ஞாயிறு கேளம்பாக்கத்தை இளவெளிச்சத்திலேயே தாண்டினோம். கோவளத்தில் இடப்பக்கம் வழுக்கிக்கொண்டு திரும்பினோம், யாரும் பிரேக்கைத் தொடவில்லை. முட்டுக்காடு பாலத்தில் காற்று வலப்பக்கம் பின்னாலிருந்து தள்ளியது. என் கைகள் தளர்ந்திருந்ததை இறங்கிய பிறகுதான் கவனித்தேன். திருவான்மியூரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மாஸ்டர் முகத்தைப் பார்த்தேன்.

"டீக்கடைய ரோட்டுக்கு அந்தப் பக்கம் வச்சிருக்க" என்றார். "இத்தனை பேரும் மீடியனைத் தாண்டிப் போய்க் குடிச்சிட்டு வரணுமா? இடப்பக்கமா ஒரு கடை பாத்து வை." கையுறையைக் கழற்றிக்கொண்டே, அடுத்த மாதத்துக்குத் திருப்போரூர்–நெம்மேலி சாலையைச் சேர்த்து ஒரு 100 கிலோமீட்டர் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்.