கோவளத்துக் கோட்டையும் எங்கள் முஸாபிர் அறையும்



சில வாரங்களுக்கு முன் எங்கள் மதரஸா மாணவர்களை அழைத்துக்கொண்டு கோவளம் சென்றிருந்தேன். தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக வேனில் பயணம். நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பும் தர்காவில் ஸியாரத் செய்தோம். அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தோம். அங்கே கடலோரத்து நட்சத்திர விடுதியைக் கண்ட ஒரு மாணவன், "இது யாருடைய இடம், ஹஜ்ரத்?" என்று கேட்டான். தாஜ் குழுமத்தின் ஃபிஷர்மேன்ஸ் கோவ் விடுதி என்றேன். "அதற்கு முன்னால்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு நீண்ட பதில் உண்டு. மணலில் அமர்ந்து அவர்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

1720-களில் கோவளத்தில் வணிகம் செய்தவர்கள் ஆஸ்டென்ட் கம்பெனியார். இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஆஸ்டென்ட் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள். 1722-இல் புனித ரோமானியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் அவர்களுக்குப் பட்டயம் அளித்தார். ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அந்தப் போட்டியைப் பொறுக்கவில்லை. அவர்களின் நெருக்கடியால் 1727-இல் பட்டயம் நிறுத்தி வைக்கப்பட்டது. 1731-இல் கம்பெனியே கலைக்கப்பட்டது.

பின்னர் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் இங்கே ஒரு கோட்டை கட்டினார். இன்றைய விடுதி எழுந்திருப்பது அந்த இடத்தில்தான். சுற்றுலாக் குறிப்புகள் சில இதை டச்சுக் கோட்டை என்று கூறினாலும் கட்டியவர் நவாபே. அதன் பெயர் சஆதத் பந்தர். சஆதத் என்ற அரபுச் சொல்லுக்கு நற்பேறு என்று பொருள். பந்தர் என்றால் துறைமுகம். அந்த நற்பேறு அவருக்கு நீடிக்கவில்லை. 1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் உயிரிழந்தார்.

அடுத்த ஆண்டு நடந்ததை ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். ஒரு பிரெஞ்சுக் கப்பல் கரைக்கு அருகே நங்கூரமிட்டு ஆபத்துக்கான அடையாளங்களைக் காட்டியது. மாலுமிகளில் பெரும்பாலோர் ஸ்கர்வி நோயால் மாண்டுவிட்டனர், எஞ்சியோரைக் கரையேற்றாவிட்டால் அவர்களும் மடிவர் என்று சொன்னார்கள். நவாபின் அதிகாரி இரங்கி இடம் கொடுத்தார். நல்ல வெகுமதி கிடைக்கும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்ததாம். மெலிந்த தோற்றமுள்ள முப்பது பேர் உள்ளே வந்தனர். ஆடைக்குள் ஆயுதம் மறைத்திருந்த அவர்கள் இரவில் காவலர்களை மடக்கிக் கோட்டையைக் கைப்பற்றினர்.

விருந்தோம்பலை ஏமாற்றிப் பெற்ற கோட்டை அவர்களிடம் நிலைத்ததா? இரண்டே ஆண்டுகள்தான். 1752-இல் ராபர்ட் கிளைவ் பெரும்பாலும் பயிற்சியற்ற புதிய ஆட்களைக் கொண்டு அதைப் பிடித்தார். சண்டைக்கு அஞ்சிய அவருடைய வீரன் ஒருவன் மறுநாள் கிணற்றின் அடியில் ஒளிந்திருக்கக் காணப்பட்டானாம். மாணவர்கள் இதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தார்கள். கோட்டையை ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தனர். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1970-களில், அங்கே விடுதி வந்தது. விருந்தினராக வந்து வஞ்சித்தோர் கைப்பற்றிய இடத்தில் இன்று விருந்தினரை உபசரிப்பதே தொழிலாக நடக்கிறது. ஆட்சியை நாடியோருக்குக் கொடுப்பவனும் நாடியோரிடமிருந்து பறிப்பவனும் அல்லாஹ்வே என்று ஓதுகிறோம்; அதன் விளக்கத்தை அன்று அலையோரத்தில் பார்த்தோம்.

ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் என் மனத்தை உறுத்தியது வேறொன்று.

எங்கள் மஹல்லா பள்ளிவாசலின் மாடியில் ஒரு முஸாபிர் அறை உண்டு. வழிப்போக்கர்கள் கட்டணமின்றித் தங்குவதற்காக ஒரு பெரியவர் வக்ஃப் செய்தது. மூன்று மாதங்களுக்கு முன் அங்கே ஓரிரவு தங்கியவர், விடியற்காலையில் மோதினாரின் கைபேசியையும் அவருடைய சம்பளப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நிர்வாகக் கூட்டத்தில் கொதிப்பு எழுந்தது. அறையைப் பூட்டிவிடலாம் என்றார் ஒருவர். அலுவலகமாக வாடகைக்கு விட்டால் பள்ளிவாசலுக்கு வருமானமாகுமே என்றார் இன்னொருவர். என்னிடம் கருத்துக் கேட்டார்கள். நானும் "அதுவே நல்லது" என்றேன்.

எத்தனை ஆண்டுகளாக ஹதீஸ் பாடம் நடத்துகிறேன்! கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃப் செய்த செய்தியை ஆண்டுதோறும் கற்பிப்பவன் நான். அதை விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுகளுக்குப் பிரிக்கக் கூடாது. அதன் பயனைப் பெறுவோர் வரிசையில் வழிப்போக்கரும் விருந்தினரும் உண்டு. பாடத்தில் இதைச் சொன்ன நாவுதான் கூட்டத்தில் வேறொன்றைச் சொன்னது. கோவளத்தில் எத்தனையோ கை மாறிய இடத்தைக் காட்டி மாணவர்களுக்கு உபதேசித்தேன். உரிமை மாறக்கூடாத ஓர் அறையை மாற்றுவதற்கு நானே உடன்பட்டிருந்தேன்.

மறுநாள் அந்த அறையின் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். தாம்பரம் சானடோரியம் நெஞ்சக மருத்துவமனையில் தந்தையைச் சேர்த்துவிட்டுத் தங்க இடமின்றி வந்த மகன். தேர்வெழுத வந்த இளைஞர்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நள்ளிரவில் இறங்கிய தென்மாவட்டத்துக் குடும்பத் தலைவர். பக்கம் பக்கமாகப் பெயர்கள். அவர்களுள் திருடியவர் ஒருவர்.

அடுத்த கூட்டத்தில் என் முந்தைய கருத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். கோவளத்து அதிகாரி நோயாளிக்குக் கதவு திறந்தது தவறன்று. வெகுமதியில் கண்வைத்து, வந்தவர்களைச் சோதிக்காமல் விட்டதே தவறு என்றேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். விருந்தினரைக் கண்ணியப்படுத்தக் கட்டளையிட்ட அவர்களே விருந்தோம்பலுக்கு மூன்று நாள் எல்லையையும் வகுத்தார்கள். தங்கியிருந்து உபசரிப்பவரைச் சிரமப்படுத்த வேண்டாமென விருந்தினருக்கும் அறிவுறுத்தினார்கள்.

விவாதம் இஷாவுக்குப் பின்னும் நீண்டது. முடிவில் அறை திறந்தே இருக்கும் என்று தீர்மானமாயிற்று. ஆதார் நகல் வாங்கப்படும். மூன்று இரவுகளே அனுமதி. மோதினாரின் அறைக்குத் தனிப் பூட்டு. அவர் இழந்த தொகையை ஜமாஅத்தார் ஈடு செய்தனர். வாடகை யோசனை சொன்ன சகோதரர் இன்னும் முழு மனத்துடன் இசையவில்லை. எனினும் புதிய பூட்டை வாங்கித் தந்தவர் அவரே.

முதலில் மறுத்துவிடுவாரோ என்று நான் அஞ்சியது மோதினாரைப் பற்றித்தான். சென்ற வெள்ளி இரவு, நனைந்த பையுடன் ஒருவர் வாசலில் நின்றார். மோதினார் அவருடைய அட்டையை வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, "சாப்பிட்டீங்களா பாய்?" என்று கேட்டார்.

வல்ல ரஹ்மான் நம் வாசல்களை விழிப்புடனும் விரிந்த மனத்துடனும் திறந்து வைக்கும் பாக்கியத்தை நமக்கு அருள்வானாக! ஆமீன்.