பெருந்துறைச் சாலையில் ஓர் எர்த் குழி

நாடெங்கும் 7,432 விரைவு சார்ஜிங் நிலையங்களை அமைப்பதற்காகப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றுக்கு மத்திய சர்க்கார் 800 கோடி ரூபாய் அனுமதித்திருக்கிறது என்ற செய்தி 2023ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் வெளியானது முதலாக, மின்சார வண்டிகளைப் பற்றி யார் எழுதினாலும் எண்ணிக்கையைக் கொண்டே எழுதுகிறார்கள் என்பதைக் கவனித்து வந்திருக்கிறேன். எத்தனை நிலையங்கள், எத்தனை கிலோவாட், எத்தனை கோடி என்று பட்டியல்கள் நீளுகின்றனவே தவிர, அந்த நிலையங்களை மண்ணில் ஊன்றுகிறவர் யார், அவருக்குத் தெரிந்த வித்தை என்ன, அதற்காக அவர் கைக்கு என்ன வந்து சேருகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூடக் காணக் கிடைப்பதில்லை. சென்ற பங்குனியில், நெடுஞ்சாலை ஓரங்களில் நிறுவப்பட்ட சில மாதங்களுக்குள்ளாகவே செயலற்றுப்போன சார்ஜர்களைக் குறித்து நாளிதழ் ஒன்று எழுதியிருந்தது. கோயம்புத்தூரில் மின்பொறியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் அதைக் காட்டிக் காரணம் கேட்டபோது, "இயந்திரத்தில் தேடாதீர்கள், குழி தோண்டுகிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லி, தமக்குப் பல வருஷங்களாகப் பழக்கமான ஒரு வயர்மேனிடம் என்னை அனுப்பிவைத்தார்.

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், பெருந்துறையைத் தாண்டி விஜயமங்கலம் வருவதற்கு முன்னால், லாரிகளும் சுற்றுலா வேன்களும் ஓயாமல் வந்து நிற்கும் ஒரு சைவ உணவு விடுதியின் பின்முற்றத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. சிமெண்டு மேடைமேல், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாத 60 கிலோவாட் சார்ஜர் நின்றது. அதன் இரு பக்கமும், 'கன்' என்று எல்லோரும் சொல்லும் இரண்டு செருகிகள் தடித்த கருப்புக் கேபிளோடு தொங்கின. ஆனால் அங்கிருந்த ஒருவரும் அந்த இயந்திரத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மேடைக்குப் பத்தடி தள்ளி, செம்மண்ணும் ஓடைக்கல்லும் கலந்து மேலே குவிந்திருக்க, ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான ஒரு குழியைச் சுற்றியே எல்லோரும் குனிந்து நின்றார்கள். குழிக்குள்ளிருந்து, ஐம்பது வயதைக் கடந்த, நெற்றியில் திருநீறு வியர்வையோடு கரைந்த ஒரு மனிதர், "வாங்க சார், நிழல்ல நில்லுங்க, இதோ ஏறீட்டனுங்க" என்று குரல் கொடுத்தார். நண்பர் சொன்னவர் அவர்தான். வேலையாட்கள் அவரை 'அண்ணா' என்றே அழைத்தார்கள். நானும் இங்கே அவரை வயர்மேன் என்றே குறிப்பிடுகிறேன்.

மேலே வந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்ததும், இவ்வளவு பெரிய இயந்திரம் இருக்கையில் குழிக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று கேட்டேன். அவர் முற்றத்தில் நின்ற கார் ஒன்றின் டயரைக் காட்டினார். "கார் ரப்பர் மேல நிக்குதுங்க சார். அதுக்குப் பூமியே கெடையாது. நாம குடுக்கற அந்த ஒரு கம்பிதானுங்க அதுக்குப் பூமி. எங்கியோ ஒரு எடத்துல கசிஞ்சுதுன்னு வைங்க, கசிஞ்சது இந்தக் கம்பி வழியா மண்ணுக்குப் போகோணும். போகாட்டி, ஈரக்காலோட கதவத் தொடறாம் பாருங்க, அவன் வழியாப் போகும்." பாடப் புத்தகங்கள் பல பக்கங்களில் விளக்கும் விஷயம் இதுவே. இதற்கு மேல் அதைத் தெளிவாகச் சொல்ல எனக்கு இயலாது.

குழி நிரப்பும் வேலையை நான் அருகிலிருந்து பார்த்தேன். மூன்று மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. பைப்பை, பக்கவாட்டில் துளைகள் இட்டு, நடுவில் செங்குத்தாக நிறுத்தி, அது சாயாதபடி ஓர் இளைஞன் பிடித்துக்கொண்டான். பழைய வழக்கப்படி அடுப்புக்கரி ஓர் அடுக்கும் கல்லுப்பு ஓர் அடுக்குமாக மாற்றி மாற்றிப் போடுவதும் உண்டு. உப்பு ஈரத்தை இழுத்துவைக்கும், ஆனால் காலப்போக்கில் பைப்பையும் அரித்துவிடும் என்பதால், இங்கே பெண்டோனைட் என்னும் களிமண் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பைப்பைச் சுற்றி ஊற்றினார்கள். வயர்மேன் அந்தக் குழம்பை விரலால் தொட்டு, இரண்டு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, "இன்னொரு கொடம்" என்றார். மேலெடுத்த மண்ணிலிருந்து ஓடைக்கற்களைப் பொறுக்கி ஓரமாக வீசிவிட்டு, பொடிமண்ணை மட்டுமே மீண்டும் உள்ளே தள்ளச் சொன்னார். கல்லுக்கும் பைப்புக்கும் நடுவே காற்று நின்றால் அந்த இடம் வெறுமையே என்பது அவருடைய விளக்கம். பைப்பின் தலையில் ஜி.ஐ. பட்டையை வைத்து நட்டை முறுக்கியபோது, முதலில் இரண்டு பரப்புகளையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்கச் செய்த பிறகே ஸ்பானரைத் தொட்டார். அந்த ஒரு நட்டுக்கு அவர் செலவிட்ட நேரம் என் பொறுமையைச் சோதித்தது உண்மை; ஆயினும், அவர் கதையைக் கேட்ட பிறகு அந்த நேரத்தில் ஒரு நொடிகூட அதிகமில்லை என்றே எனக்குத் தோன்றியது.

அவர் பிறந்தது பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோக, கோயம்புத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்திருக்கிறார். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததிலிருந்து ஆலைகளும் பம்பு செட்டுகளுமாகப் பெருகிய நகரம் அது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டாரைச் செய்து காட்டியதும் அங்கேதான். அந்தப் பரம்பரையின் கடைக்கோடியில், எரிந்துபோன மோட்டாரின் கருகிய காயிலை உளியால் வெட்டியெடுத்து, ஸ்லாட்டுகளைச் சுத்தம் செய்து, புதிய தாமிரக் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கி உலர்த்தும் வேலையில் பதினைந்து வயதுப் பையனாக இவர் உட்கார்ந்திருக்கிறார். எந்த மோட்டார் ஏன் எரிந்தது என்பதைக் காயிலின் கருகலைப் பார்த்தே சொல்லும் பயிற்சி அங்கே கிடைத்ததென்று பெருமிதத்தோடு சொன்னார்.

பிறகு ஓர் ஐப்பசி மழைநாளில், சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மோட்டார் பழுது பார்க்க அவரை அழைத்திருக்கிறார்கள். போன இடத்தில்தான், முந்தின இரவு அந்த மோட்டாரைத் தொட்ட பையன் ஒருவன் இறந்துபோனது தெரிந்தது. "மோட்டார்ல பெரிய கோளாறு ஒண்ணுமில்லீங்க சார். எர்த் கம்பி பச்சைக் கலர்ல நல்லாத்தான் இருந்துச்சு. அதப் புடிச்சுட்டே போய்ப் பார்த்தனுங்க. செவுத்துல அடிச்ச ஆணியில கட்டியிருந்தாங்க." இதைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் அவர் பேசவில்லை. அந்தப் பையனுக்குத் தம் வயதுதான் என்று பின்னர் சொன்னார். அதற்குப் பிறகு ரீவைண்டிங்கை விட்டு வயரிங்குக்கு மாறி, ஐந்து வருஷ அனுபவமும் இருபத்தொரு வயதும் நிரம்பியவர்களே எழுதக்கூடிய மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வையும் நெடுநாள் கழித்து எழுதித் தேறியிருக்கிறார். வீட்டு வயரிங், பம்பு செட்டு, சோலார் என்று சுற்றிவந்து, இப்போது சார்ஜர் வேலைக்கு வந்திருக்கிறார். எந்த வேலைக்குப் போனாலும் முதலில் பச்சைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது முடியும் இடம்வரை நடந்து பார்ப்பது அவர் வழக்கம்.

அவரிடம் இருக்கும் கருவிகளில் எனக்கு மறக்க இயலாதது, பட்டறை முதலாளி தொழிலை விட்டபோது இவருக்குக் கொடுத்த ஒரு பழைய எர்த் டெஸ்டர். கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளேயிருக்கும் சிறு ஜெனரேட்டர் சுற்றி மின்சாரம் எழுப்பும் வகையைச் சேர்ந்தது அது. எர்த் பைப்பிலிருந்து ஒரே நேர்கோட்டில் இரண்டு இரும்பு முளைகளைத் தூரம் விட்டு அடித்து, மூன்று கம்பிகளையும் பெட்டியோடு இணைத்து, வேகம் கூடாமலும் குறையாமலும் கைப்பிடியைச் சுழற்றினால், மண் மின்சாரத்துக்கு எவ்வளவு தடை செய்கிறது என்பதை முள் ஓமில் காட்டுகிறது. இலக்கத்தில் காட்டும் புதிய கருவியும் அவர் பையில் இருந்தது. ஒப்பந்தக்காரருக்குப் படம் அனுப்ப அதுவும், தம் மனசுக்கு இதுவும் என்றார். இரண்டு ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது சார்ஜர் செய்தவர்களின் நிபந்தனை. முதல் குழி தனியாக ஐந்தைத் தாண்டியது. இரண்டாவது குழியையும் பட்டையால் இணைத்துச் சுழற்றியபோது மூன்றுக்குச் சற்று மேலே முள் நின்றது. கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடைக்கல் மண்ணில் இதற்குமேல் எதிர்பார்க்க முடியாது, மூன்றாவது குழி போட்டே தீர வேண்டும் என்று முடிவு சொன்னார்.

அப்போது வந்த தொலைபேசி உரையாடலை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். மறுமுனையில் பேசியவர் இவருக்கு வேலை கொடுத்த உப ஒப்பந்தக்காரர். எஸ்டிமேட்டில் இரண்டு குழிக்குத்தான் பணம் என்றும், மூன்றாவது வேண்டாம் என்றும், மழை பெய்தால் அளவு தானாக இறங்கிவிடும் என்றும், ஈரம் செய்து அளந்த ஓர் இடத்தின் படத்தை அனுப்பினால் போதும் என்றும் அவர் சொன்னார். வேறோர் ஊரில் ஒரே குழியை இரண்டு பக்கமிருந்து படமெடுத்து இரண்டு குழியாகக் கணக்குக் காட்டியதும் உண்டென்பதைப் பேச்சு முடிந்த பின் வயர்மேன் எனக்குச் சொன்னார்.

இதைக் கேட்டபின் எனக்கு மூண்ட கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை. நிலையம் நடத்தும் நிறுவனம் ஓர் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கிறது; அவர் தமக்கொரு பங்கை எடுத்துக்கொண்டு வேறொருவருக்குக் கொடுக்கிறார்; அவரும் அவ்வாறே. மண்வெட்டியைப் பிடிக்கிற கைக்கு வந்து சேரும்போது, மூன்றாவது குழிக்கான பைப்பு வாங்கக் காசு மிஞ்சுவதில்லை. நடுவே நிற்கிறவர்கள் யாரும் ஒரு கம்பியைக்கூடத் தொடுவதில்லை, ஆனால் பங்கு அவர்களுக்கே முதலில். வண்டிக்கு மின்னேற்றம் செய்வது மின்சார விற்பனையன்று, ஒரு சேவையே, அதற்கு விநியோக லைசென்ஸ் தேவையில்லை என்று 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை விளக்கம் அளித்து, யாரும் இத்தொழிலில் இறங்கலாம் என்று வாசலைத் திறந்துவிட்டது. அது நல்ல காரியம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நகரங்களில் மூன்று கிலோமீட்டர்க் கட்டத்துக்கு ஒரு நிலையம், நெடுஞ்சாலையின் இரு பக்கமும் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்று என்று அதே வருஷ இறுதியில் வகுத்த நெறியும் நியாயமானதே. ஆனால் தூரத்தை அளந்து நிலையங்களை எண்ணுகிற ஏற்பாட்டில், குழியின் ஆழத்தை அளக்கும் பொறுப்பு கடைசியில் கூலிக்காரர் ஒருவருடைய மனசாட்சியின் மேல் மட்டுமே விழுமானால், அந்த மனசாட்சிக்கு உரிய கூலியையாவது கொடுப்பது தர்மமாகாதா? குழியைப் படமெடுத்து அனுப்புகிறவருக்கும் குழியைத் தோண்டுகிறவருக்கும் ஒரே தொகைதான் என்றால், தோண்டுகிறவர்கள் எத்தனை நாளைக்குத் தோண்டுவார்கள்?

மூன்றாவது குழி வந்தது. விடுதி உரிமையாளரான அம்மாள், தம் முற்றத்தில் குழந்தைகள் ஓடியாடுவதைக் காட்டி, பைப்புக்கும் பொடிக்கும் தாமே பணம் தந்தார். கூலியைத் தள்ளிவைத்து வயர்மேனும் ஆட்களும் தோண்டினார்கள். அடுத்த நாள் காலையில் முள் இரண்டுக்குக் கீழே இறங்கி நின்றது.

சார்ஜரை உயிர்ப்பிக்க வந்திருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இளம் பொறியாளர். முதுகுப் பையோடு தனியாகவே ஊர் ஊராகப் பிரயாணம் செய்பவர். மடிக்கணினியை இணைத்து, சிம் கார்டு மூலம் சர்வரோடு தொடர்பு ஏற்படுத்தி அவர் செய்த பூர்வாங்க வேலைகளை விரித்துரைக்க இங்கே நான் முற்படவில்லை. வயர்மேன் எழுதிவைத்த ஓம் கணக்கை வாங்கிப் பார்த்து, "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா" என்று அவர் சொன்ன தொனியை மட்டும் குறிப்பிட வேண்டும். கன்னை வண்டியில் செருகியதும் இரண்டும் முதலில் சிறு மின்னழுத்தத்தில் ஒன்றையொன்று சோதிக்கின்றன. வண்டி இல்லாதபோது 12 வோல்ட்டாக நிற்கும் சமிக்ஞை, செருகியதும் 9 ஆகி, வண்டி தயார் என்றதும் 6 ஆகிறது. பெரிய மின்சாரத்தைத் திறப்பதற்கு முன் எங்காவது கசிவு உண்டா என்றும் சார்ஜர் பார்த்துக்கொள்கிறது. எர்த் சரியில்லாத இடங்களில் இந்தச் சோதனைகளில் ஏதோ ஒன்றில் இயந்திரம் நின்றுபோக, 'மெஷின் ஃபால்ட்' என்று புகார் எழுதி, தன்னை ராத்திரி பஸ்ஸில் வரவழைக்கிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னார். "மெஷினை மாத்திட்டும் நிக்கும் சார். அப்புறம் அண்ணனை மாதிரி ஒருத்தரைத் தேடுவோம்."

முதலில் வந்து நின்றது கோயம்புத்தூர் விமானநிலையத்துக்குப் போகும் வாடகைக் கார். பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. டிரைவர் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மின்கலம் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. எண்பது சதவீதத்தைத் தாண்டினால் வேகம் தானே குறைந்துவிடும், காத்திருப்பதில் பயனில்லை என்று பொறியாளர் சொன்னதும் அவர் கன்னைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பினார்.

ஊர் திரும்புமுன் வயர்மேனிடம் என் அபிப்பிராயம் ஒன்றைச் சொன்னேன். ஒவ்வொரு சார்ஜரின் நெற்றியிலும் எத்தனை கிலோவாட் என்று எழுதுவதைப் போலவே, அதன் எர்த் எத்தனை ஓம், அளந்தவர் பெயர் என்ன, எந்தத் தேதியில் அளந்தது என்பதையும் எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்கச் சட்டம் வேண்டும். குழிக்கான கூலியை ஒப்பந்தக்காரர் வழியாக அன்றி, அந்தப் பெயருக்கே நேராகத் தர வேண்டும் என்பதே அது. அவர் கேபிள் துண்டுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டே கேட்டார்.

"பேரு இருந்தா நல்லதுதானுங்க. ஆனா தேதியக் கண்டிப்பாப் போடச் சொல்லுங்க சார். ஒருக்கா இல்ல, வருசத்துக்கு ரெண்டு தடவ. நாம போனதுக்கப்புறம் ஆராவது குழிக்குத் தண்ணி ஊத்தறாங்களான்னு அதுலதான் தெரியும்." பிறகு அந்த அம்மாளைக் கூப்பிட்டு, மூன்று குழி மூடிகளையும் திறந்துகாட்டி, சித்திரையிலும் வைகாசியிலும் வாரம் ஒரு குடம் என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.