நிற்கத் தெரிந்த வேகம்

ரேஸ் கார் என்றதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு வேகம் ஓடும்?" எங்கள் வாப்பா மட்டும் "எத்தனை தடவை நிற்கும்?" என்று கேட்பார். வவுனியா மன்னார் வீதியில் சிறியதொரு கராஜ் வைத்திருக்கும் அவர், ஒரு வாகனம் எப்படி ஓட்டப்பட்டது என்பதை அதன் பிரேக்கைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இந்த வருடம் அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வாப்பாவோடு வேலை செய்யும் நானா, பழைய நிஸான் மார்ச் கார் ஒன்றைத் திருத்தி எடுத்திருக்கிறார். அநுராதபுரம் சாலியபுரவில் நடக்கும் கஜபா சுப்பர்குரொஸ் போட்டியில் ஒரு தடவையாவது ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

உம்மாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் தடத்தை விட்டு விலகிய கார் ஒன்று சனக்கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் 8 வயதுச் சிறுமி. "மவுத்தானவங்க கார் ஓடினவங்க இல்லையே மகன், ஓரத்தில நின்டவங்கதானே" என்றார் உம்மா. நானாவிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

நானா சேர்த்து வைத்திருந்த பணத்தில் துளையிட்ட டிஸ்க்கும், விலை கூடிய ரேஸ் பேடும் வாங்க நினைத்திருந்தார். "நல்லா உழைக்கும் வாப்பா" என்றார். வாப்பாவோ, "தங்கச்சி உயர்தரத்தில கணிதம்தானே படிக்கிறா, முதல்ல அவகிட்டக் கணக்கக் கேளு" என்றார்.

கணக்கு கடினமானதல்ல. ஓடும் காரின் இயக்கசக்தி எங்கும் மறைந்துவிடாது. சில்லோடு சுற்றும் டிஸ்க்கை இருபுறமும் பேட்கள் இறுக்கிப் பிடிக்கும்போது அது வெப்பமாகிறது. கார், ஓட்டுநரோடு சேர்த்து 900 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டேன். மணிக்கு 50 கிலோமீற்றரில் அதன் சக்தி ஏறத்தாழ 87 கிலோயூல்; 100 கிலோமீற்றரில் 347 கிலோயூல். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் சுமக்கும் வெப்பம் நான்கு மடங்கு! அதில் 70 வீதத்தை முன் டிஸ்க்குகள் ஏற்பதாகவும், இரண்டும் சேர்ந்து 8 கிலோகிராம் என்றும் கொண்டால், ஒரே நிறுத்தத்தில் அவை சுமார் 65 பாகை செல்சியஸ் சூடேறும். ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்தால் அதற்கு மேல் இன்னும் ஏறும். அளவுக்கு மீறிச் சூடானால் பேடின் பிடி தளர்ந்துவிடும். நுவரெலியா சுற்றுலா போய்த் திரும்பும் வான்களின் டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருப்பதை வாப்பா எனக்குக் காட்டியிருக்கிறார். இறக்கம் முழுவதும் சிறிய கியரில் இறங்காமல் பிரேக்கை மிதித்தபடியே வந்ததன் அடையாளம் அது.

அப்படியானால் அதிக வெப்பம் தாங்கும் ரேஸ் பேடே சிறந்ததுதானே? இல்லை என்பதுதான் நான் விளங்கிக்கொண்ட முக்கியமான விடயம். ரேஸ் பேடில் பல, சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும். குளிர்ந்திருக்கும்போது வழுக்கும், டிஸ்க்கையும் தின்னும். நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி குறுகிய தூரம், அதுவும் மேல்நோக்கி. பேட் சூடாகுமுன் ஓட்டம் முடிந்துவிடும். சாலியபுரவிலோ கிரவல் தடம். அங்கே டயரின் பிடி குறைவு. பிரேக் தன் முழுப் பலத்தைக் காட்டுமுன் சில்லு பூட்டிக்கொண்டு சறுக்கும். 24 மணித்தியாலம் ஓடும் துபாய் போட்டி முற்றிலும் வேறு உலகம். 2025 ஜனவரியில் அதற்கான பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதியதற்கு, பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அவருடைய அணி அறிவித்தது. அவர் காயமின்றித் தப்பினார். பெரிய அணிக்கே அந்த நிலை ஏற்படலாம் என்றால், கராஜில் கார் கட்டுபவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

டிஸ்க்கிலும் இதே கதைதான். துளைகள் பார்க்க அழகு. ஆனால் கடும் வெப்பத்தில் வெடிப்பு தொடங்குவது பெரும்பாலும் அந்தத் துளைகளின் ஓரத்தில்தான். கிரவல் தடத்தில் சேறும் மணலும் அவற்றை அடைத்துவிடும். துளையில்லாத வார்ப்பிரும்பு டிஸ்க்கில் வெப்பத்தை ஏற்கும் இரும்பு கூடுதல், விலையும் குறைவு. தேய்ந்த டிஸ்க்கைக் கடைசல் பிடித்து மீண்டும் போடலாம். ஆனால் அதன் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் மிகக் குறைந்த தடிப்புக்குக் கீழே போகக்கூடாது.

பலரும் மறப்பது பிரேக் ஒயிலை. டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 230 பாகைக்குக் குறைந்து கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி அந்த எல்லை 155 பாகை வரை இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. மிதித்தால் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். அப்போது எந்தப் பேடும் காப்பாற்றாது.

நானா முழுவதையும் கேட்டுவிட்டு, துளையில்லாத டிஸ்க்கும், உலோகத்தூள் கலந்த நடுத்தர பேடும், புது ஒயிலும் வாங்கினார். மிச்சக் காசில் நல்ல ஹெல்மெட் ஒன்று. புதுப் பேட் டிஸ்க்கோடு படியும்வரை மெதுவாக வேகமெடுத்து, முழுதாக நிற்காமல் பிரேக் பிடித்து, பிறகு ஆறவிட்டு ஓட்டிப் பழக்குகிறார். பேட் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். அது தேய்ந்துதான் மற்றவர்களைக் காக்கிறது. நீண்ட காலம் உழைப்பது என்றால் தேயாமல் இருப்பது அல்ல, பத்தாவது தடவையும் முதல் தடவையைப் போலவே நிறுத்துவது.

உம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. "முதல்ல வெறும் நிலத்தில நிப்பாட்டிக் காட்டு, பிறகு பார்ப்பம்" என்கிறார். அது நியாயமான நிபந்தனை என்றே எனக்கும் படுகிறது.

தோழிகளே, பெற்றோர்களே, நம்மில் அநேகர் ரேஸ் கார் ஓட்டப்போவதில்லை. ஆனால் அடுத்த சுற்றுலாவுக்கு வான் பேசும்போது, ஏசி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், பிரேக் ஒயில் எப்போது மாற்றியது என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள்.