நரி முகத்தில் முழிக்கணுமா?

ஆபீஸில் ஒருத்தருக்கு ப்ரமோஷன் வந்துவிட்டால் போதும், 'என்னப்பா, காலையில நரி முகத்துல முழிச்சியா?' என்று பக்கத்து சீட் வயிறெரியும். அந்த அதிர்ஷ்டக்கார நரியைத் தேடுகிறவர்கள் ராமநாதபுரம் பக்கம் பஸ் ஏறலாம். சாயல்குடிக்கு அங்கிட்டு, கடலோரமாக ஓர் ஊர். பெயரே நரிப்பையூர்!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இங்கிலீஷ் பாடத்தில் திராட்சைக்கு எம்பிய 'ஃபாக்ஸ்' வேறு. கருவேலங்காட்டில் ஊளையிடும் நம்ம நரி வேறு. ஃபாக்ஸின் உள்ளூர்ச் சொந்தம் குழிநரி. நம்மாளு 'ஜாக்கால்'. நாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி! நாய்க்கும் நரிக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 78. அதனால் இரண்டும் கலந்து குட்டி போடக்கூட முடியும். குரோஷியாவில் கிடைத்த அப்படிப்பட்ட கலப்புகளை 2015-ல் மரபணு ஆராய்ச்சி உறுதி செய்தது.

தந்திரக்காரன் என்று கதைகளில் பேர் வாங்கியதெல்லாம் வீண் பழி ஸார். நரி, பக்கா குடும்பஸ்தன். ஜோடி சேர்ந்தால் பெரும்பாலும் கடைசி வரை அதே ஜோடிதான். கர்ப்பம் சுமார் 63 நாள். பிறந்த குட்டிகளுக்கு அப்பாவும் இரை கொண்டுவருவார். போன வருஷத்துப் பிள்ளைகள் சில, கூடவே தங்கித் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டிலும் பிகு கிடையாது. எலி, நண்டு, செத்த மீன், இலந்தைப்பழம்... ஆமை முட்டை கிடைத்தால் விருந்து!

அப்படியே பாம்பன் தாண்டி ராமேஸ்வரம், அங்கிருந்து தனுஷ்கோடி, அரிச்சல்முனை. ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல். எதிரே சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். அங்கேயும் இதே நரி உண்டு. குழிநரியோ செந்நாயோ இன்றைக்கு இலங்கையில் கிடையாது. நரி எப்படிப் போனது? 20,000 வருஷத்துக்கு முன், பனியுகத்தில், கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இந்தத் திட்டுகளைச் சுற்றி இன்றும் ஆழம் ரொம்பக் குறைச்சல். ஆக, அன்றைக்கு இதெல்லாம் தரை. வானர சேனை, கல், பாலம் எதுவும் வேண்டாம்; ஹாயாக நடந்தே போயிருக்கும்! தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவான இந்த வகைக்கு 1916-ல் வைத்த விஞ்ஞானப் பெயர் 'கேனிஸ் ஆரியஸ் நரியா'. லத்தீனுக்கு நடுவில் நம்ம 'நரி' கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறது, பாருங்கள்!

பனியுகத்தைச் சமாளித்த பிராணிக்கு இப்போது ஆபத்து எதில்? நம்ம பிரியாணிப் பொட்டலத்தில். டூர் வருகிறவர்கள் வீசிவிட்டுப் போகும் மிச்சத்தில் தெருநாய்கள் பெருகுகின்றன. சொந்தக்காரன் என்பதால் நாயின் வெறிநோய், டிஸ்டெம்பர் இரண்டுமே நரிக்கும் தொற்றும். குழந்தைகளுக்கு நரி சிக்கன் வாங்கி வைக்கவில்லையே, நாய்க்கு ஏன் கடற்கரையில் பந்தி? மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

இன்னொன்று: யாராவது 'நரிக்கொம்பு, அதிர்ஷ்டம்!' என்று நீட்டினால் காசைப் பத்திரப்படுத்துங்கள். நரிக்குக் கொம்பே கிடையாது! நரியைப் பிடிப்பதும் கொல்வதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்பது பழமொழி. கருவேலங்காட்டுக்குள்ளிருந்து நம்மைப் பார்க்கிற நரியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கும்!