அண்ணாவின் எஞ்சின்

சென்ற மாதம் மாம்பலம் வீட்டுப் பரணை ஒழித்தபோது ஒரு பழைய ஓவல்டின் டப்பா அகப்பட்டது. உள்ளே அண்ணாவின் விமான எஞ்சின். நிஜ விமானத்துடையது அல்ல. உள்ளங்கையில் அடங்கும் மூன்றரை ஸி.ஸி. பொடி எஞ்சின். என்.ஸி.ஸி.யின் விமானப் பிரிவு 1950-ல் ஏற்பட்டது. மாதிரி விமானம் செய்யவும் பறக்கவிடவும் அங்கே கற்றுக்கொடுப்பார்கள். 1980-களில் அண்ணாவுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

அண்ணா போய் ஏழு வருஷம் ஆகிறது. அவர் பையன் எஞ்சினை வாங்கி விசிறியைச் சுற்றினான். தடையில்லாமல் சுற்றியது.

"நன்றாகச் சுற்றுகிறதே, சித்தப்பா!" என்றான்.

அதுதான் வியாதி என்று அவனுக்குத் தெரியாது.

இந்த எஞ்சினில் பிஸ்டனுக்கு வளையம் கிடையாது. குரோமியம் பூசிய பித்தளைக் குழாயில் அலுமினியப் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. குழாயின் மேல்பக்கம் மயிரிழை குறுகல். ஓடும்போது அந்த இடம்தான் அதிகம் சூடேறி விரியும்; விரிந்தால் கச்சிதமாகப் பொருந்தும். ஆகவே, ஆறிக் கிடக்கும்போது பிஸ்டன் உச்சியில் 'க்ரீச்' என்று பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அழுத்தம் இல்லை என்று அர்த்தம். இதற்குத் தீப்பொறியும் கிடையாது. பிளக்கில் ஒரு பிளாட்டினச் சுருள். கிளப்புவதற்கு மட்டும் பாட்டரி. பிறகு மெதனால் ஆவி பிளாட்டினத்தில் பட்டு எழும் சூடும், அழுத்தத்தின் சூடுமே அதை அணையாமல் காக்கின்றன.

புதுப்பேட்டையில் ஒரு லேத்துக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் அவசரப்படவில்லை. பிளக்கின் செம்பு வாஷரைப் பார்த்தார். தலை திருகாணிகளை இறுக்கினார். பிளக் துவாரத்தில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுச் சுற்றினார். உடனே பிடித்தது!

"சந்தோஷப்படாதீங்க ஸார், எண்ணெய் இருக்கிற வரைக்கும்தான். மேலே கசிவு இல்லை, உள்ளே தேய்மானம்" என்றார். குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். நெடுக மெல்லிய கோடுகள். "மணல் தின்னிருக்கு. பீச்சிலே ஓட்டினீங்களா?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

தெரியும். ஒரு சாயங்காலம் பெஸன்ட் நகர் கடற்கரையில், அண்ணா சுண்டல் வாங்கப் போன சமயம், விமானத்தைத் தூக்கிப் பார்த்து மணலில் போட்டுவிட்டேன். துண்டால் துடைத்து வைத்தேன். காற்று வடிகட்டி இல்லாத எஞ்சின் அது. அண்ணா வந்து அப்படியே கிளப்பினார். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் சண்டித்தனம். பிளக்கைக் குறை சொன்னார், எரிபொருளைக் குறை சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

வைத்தியம் ஒன்றுதான். குழாயின் மேல்பக்கத்தைச் சுற்றிலும் சமமாகப் பிடித்து, சுமார் 0.02 மில்லிமீட்டர் நெருக்க வேண்டும். கூடினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். குரோமியம் உரிந்தால் குழாயே போய்விடும்.

"போனால் போகட்டும்னா செய்யறேன்" என்றார் அவர்.

"செய்யுங்கள்" என்றேன். தொண்டை அடைத்தது.

நாலாம் நாள் வாங்கி வந்தேன். பையன் சுற்றினான். 'க்ரீச்!' அவன் முகம் மலர்ந்தது.

"சித்தப்பா, பெஸன்ட் நகர் பீச்சுக்குப் போகலாமா?"

"மணல் வேண்டாம்டா."

"ஏன்?"

சொல்லிவிட்டேன்.